பார்த்த முகமும் நினைவில் நிற்கும் முகமும்

கேள்வி: கத்தியைக் காட்டி ஒருவன் செயினைப் பறித்ததை நேரில் பார்த்தேன். வரிசையில் நிற்பவர்களில் அவன் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு போலீசார் அழைத்திருக்கிறார்கள். முகம் தெளிவாக நினைவில்லை, பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கத்தி தெரிந்தால் கண் அதிலேயே நின்றுவிடும், முகம் மங்கலாகத்தான் பதியும். அது உங்கள் குறையல்ல. அந்த மங்கலான இடத்தைப் பிறர் பேச்சு நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

இதுவரை எழுதவில்லையென்றால் இன்றே தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள், தெருவிளக்கு எந்தப் பக்கம், ஹெல்மெட் இருந்ததா, எத்தனை வினாடி பார்த்தீர்கள்? தெரியாததற்குத் 'தெரியவில்லை' என்றே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள்.

1974-ல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்களின் வேகம் கேட்டார்கள். சிலரிடம் 'மோதியபோது' என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக 'மோதிய' குழுவின் 50 பேரில் 7 பேரும், 'நொறுங்கிய' குழுவின் 50 பேரில் 16 பேரும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! ஒரு சொல்லே இவ்வளவு செய்யுமென்றால், வாட்ஸ்அப்பில் சுற்றும் சந்தேக நபரின் போட்டோ என்ன செய்யாது? தயவுசெய்து அதைப் பார்க்காதீர்கள். போட்டோவில் கண்ட முகத்தைத் தெருவில் கண்டதாக மனதார நம்பிவிடுவீர்கள். முன்பே படம் காட்டப்பட்டது தெரிந்தால் அணிவகுப்பின் மதிப்பும் குறையும்.

அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துவார். ஒத்த வயதும் சாயலும் உள்ளவர்களோடு சந்தேக நபரை நிறுத்துவார்கள். 'இவர்களில் யார் அதிகம் பொருந்துகிறார்' என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நீங்கள் பார்த்த ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம். 'யாருமில்லை' என்பதும் முழுப் பதில்தான்.

கேள்வி: அணிவகுப்பில் தயங்கிய சாட்சி, நீதிமன்றத்தில் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: அந்தத் தயக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், தவறான ஆளைக் காட்டியவர்களிடம் 'சரியாகக் காட்டினீர்கள்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார்கள். உடனே அவர்கள், காட்டும்போதே உறுதியாக இருந்ததாகவும் முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் கூறினார்கள். அது பொய்யல்ல, நினைவே மாறிவிட்டது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்ட் காட்டன் என்ற நிரபராதி இப்படிப்பட்ட உறுதியான சாட்சியத்தால் பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். 1995-ல் டிஎன்ஏ சோதனை அவரை விடுவித்தது.

எனவே காட்டி முடித்ததும் யாரும் சாட்சியைப் பாராட்டக் கூடாது. 'இவராக இருக்கலாம்' என்று அவர் சொன்னால் அதே சொற்களை அங்கேயே பதிய வேண்டும். 'அடையாளம் காட்டினார்' என்று சுருக்கி எழுதிவிட்டால், அந்தத் தயக்கம் கோப்பிலிருந்தே காணாமல் போய்விடும்.