மியான்மரின் மண்டலே அரண்மனை பழையதுதானா, போய்ப் பார்க்கலாமா?

போகலாம், ஆனால் அகழியும் மதிலும்தான் பழசு, உள்ளே இருக்கும் மண்டபங்கள் அல்ல. மின்டோன் மன்னர் அமரபுராவிலிருந்து தலைநகரை மாற்றி 1857இல் கட்டத் தொடங்கிய தேக்குமர அரண்மனை 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது, இப்போது நிற்பது 1990களில் எழுப்பிய நகல். கூரையில் தகரத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிடும். அசல் மரச்செதுக்கு வேண்டுமா? மதிலுக்கு வெளியே ஷ்வேநந்தாவ் மடாலயத்துக்குப் போங்கள். அரண்மனைக்குள் மின்டோன் வாழ்ந்த கட்டடம் அது, அவர் இறந்தபின் மன்னரான மகன் தீபா அதைப் பிரித்து வெளியே நிறுவியதால்தான் தீயில் தப்பியது. அந்தத் தீபாவை 1885இல் பிரிட்டிஷார் நாடுகடத்தியபோது முதலில் வைத்திருந்தது நம்ம சென்னையில், அப்புறம்தான் மகாராஷ்டிராவின் இரத்தினகிரி. சரி, 2025 மார்ச் நிலநடுக்கத்தில் மதில் சேதமடைந்திருக்கிறது, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.