முன் பிரேக்கைத் தொடலாமா? ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறுகிறவருக்கு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எட்டு ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அண்ணன் தன்னுடைய 150 சிசி பைக்கை எனக்குக் கொடுத்துவிட்டார், 2021 மாடல். 'முன் பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதே, தூக்கி எறிந்துவிடும்' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் பழகுவது? என்னிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டுமே."

முதலில் லைசென்ஸ். கியர் வண்டி ஓட்டுவதற்குத் தனியாக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். 30 நாட்கள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும். அதுவரை முன்னும் பின்னும் 'எல்' பலகை இருக்க வேண்டும், கற்றுத்தருகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இந்த 30 நாட்களையும் '8' போட்டுப் பழகுவதிலேயே பலர் கழித்துவிடுகிறார்கள். '8' போடும்போது தெரிவது மெதுவான வேகத்தில் நீங்கள் வண்டியைச் சாயாமல் திருப்புகிறீர்களா என்பதுதான். குறுக்கே ஓர் ஆடு ஓடிவந்தால் நிறுத்தத் தெரியுமா என்பது அதில் தெரியாது.

உங்களைப் போல ஸ்கூட்டரில் கை பழகியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இடது கையைப் பற்றித்தான். ஸ்கூட்டரில் இடது கைப்பிடியில் இருப்பது பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. எட்டு ஆண்டுப் பழக்கம், பதற்றம் வந்த நொடியில் உங்கள் இடது கையை இறுக்கும். வண்டி நிற்காது, மாறாக எஞ்சினின் பிடியும் விட்டுப்போய்த் தடையில்லாமல் முன்னே ஓடும். ஆகவே எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, உட்கார்ந்த நிலையிலேயே வலது கையும் வலது காலும் சேர்ந்து அழுத்தும்படி தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி முன் பிரேக்கிற்கு வருவோம். வீட்டார் அக்கறையுடன்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த அறிவுரை ஆபத்தானது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின்சக்கரம் இலகுவாகிறது. அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரம் எளிதில் சுழலாமல் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்குமே தவிர, வண்டி சீக்கிரம் நிற்காது. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரமே செய்கிறது. இந்தப் பயம் பிறந்த இடம் மண் மைதானம் என்பது என் கணிப்பு: நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் வண்டி பழகுகிறோம், உதிரி மண்ணில் ஹேண்டிலைத் திருப்பியபடி முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழுகிறோம், விழுந்த பழியைப் பிரேக்கின் மேல் போடுகிறோம்.

எனவே ஆளில்லாத வீட்டுமனைப் பிரிவு ஒன்றில் நல்ல தார்ச்சாலையைத் தேடிக்கொண்டு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்டில் நேராக இருக்கும்போது தொடங்குங்கள். ஈரத்துணியைப் பிழிவது போல முதலில் மெல்லப் பிடித்து, பிறகு இறுக்க வேண்டும். அந்த முதல் பிடியில் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்குவது உங்கள் உள்ளங்கைக்கே தெரியும். பாரம் டயரின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், இனி இன்னும் அழுத்தலாம். பின் பிரேக்கை உடன் மிதமாக மிதித்து, நிற்கப்போகும் தறுவாயில் மட்டும் கிளட்சைப் பிடியுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், உங்கள் வண்டியில் குறைந்தது முன்சக்கரத்திலாவது அது இருக்கும். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஆனால் வளைவில் சாய்ந்து செல்லும்போது மணலில் வழுக்கினால் அது காப்பாற்றும் என்று நம்பிவிட முடியாது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

20 கைவந்த பிறகு 30, 40 என்று ஏற்றுங்கள். காய்ந்த தார்ச்சாலையில், கண் பார்த்துக் கை பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கச் சுமார் 21 மீட்டர் வேண்டும். 60-இல் ஏறக்குறைய 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. முன்னால் போகும் பேருந்தை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை காலால் அளந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், தாடைப் பட்டையைப் பூட்டுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். முதல் மழை பெய்ததும் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். அன்று அதே மனைப்பிரிவுக்குப் போய், 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மறுபடியும் நிறுத்திப் பழகுங்கள்.