கண்டிப்பாக வளர்த்தால்தான் பிள்ளை உருப்படுமா?

அடி, மிரட்டலைச் சொல்கிறீர்கள் என்றால், இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பிள்ளை வளர்ப்பில் மூன்று வகை சொன்னார்: அதிகாரம் செலுத்துவது, செல்லம் கொடுப்பது, கறாரும் பாசமும் சேர்ந்தது. கண்டுகொள்ளாமல் விடுவதை 1983இல் மெக்கோபி, மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் நான்காவதாகச் சேர்த்தார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கன்னடத்தில் 25க்கு 6. அப்பாவுக்குப் பயந்து விடைத்தாளைச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் செருகிவிட்டான். அடி அவனுக்குக் கன்னடம் சொல்லித் தரவில்லை, ஒளிக்கத்தான் சொல்லித் தந்தது. "இந்த வாரம் மொபைல் கிடையாது, எது புரியலைன்னு சொல்லு, பார்ப்போம்" என்பதுதான் மூன்றாவது வகை. அப்படி வளரும் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் சுயகட்டுப்பாடும் பொதுவாகக் கூடுதல். வெறும் செல்லத்தில் சுயகட்டுப்பாடு குறையும்.

நிஜத்தில் எல்லா வீட்டிலும் கலவைதான். அப்பா அதட்டுவார், பாட்டி ரகசியமாகச் சாக்லேட் நீட்டுவார். பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது நல்லது.