அம்மாவின் மறதிக்கு மூலிகை கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறார், சாவியை வைத்த இடம் நினைவில் இருப்பதில்லை. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். வல்லாரை, நீர்ப்பிரமி, ஜின்கோ மூன்றும் சேர்ந்த கேப்சூல் ஒன்றை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மூலிகைதானே, கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது அடிக்கடி நடப்பது. பி12 குறைந்தால் மறதி, சோர்வு, பாதத்தில் மரத்துப்போதல் எல்லாம் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். இரண்டுக்கும் சிகிச்சை எளிது, செலவும் அதிகமில்லை. அதை விட்டுவிட்டு கேப்சூலை ஆரம்பித்தால், "மருந்து வேலை செய்யட்டும்" என்று ஆறு மாதம் காத்திருப்பீர்கள், குறைபாடு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மூலிகையால் வருகிற பெரிய கெடுதல் பல வீடுகளில் இந்தக் காத்திருப்புதான். தூக்க மாத்திரை, சளி அலர்ஜி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். வயதானவர்களின் நினைவை அவற்றில் சில நன்றாகவே மந்தமாக்கும்.

சரி, கேப்சூலுக்கு வருவோம். அதில் உள்ள மூன்றும் ஒரே ரகம் இல்லை.

மூன்றில் நீர்ப்பிரமிக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 54 பேரை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வில், தினமும் 300 மில்லிகிராம் சாரம் 12 வாரம் கொடுத்தார்கள். சொற்பட்டியலைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாத ஆரோக்கியமானவர்கள், எண்ணிக்கையும் குறைவு. டிமென்ஷியா என்ற மறதி நோய் வராமல் தடுக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. குமட்டல், வயிற்று வலி, அடிக்கடி மலம் போவது ஆகியவை இதன் வழக்கமான தொந்தரவுகள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் கூடுதலாகத் தெரியும்.

வல்லாரைக் கீரையைத் துவையலாகவோ கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல கீரை. அதன் சாரத்தைக் கேப்சூலில் அடைத்துத் தினமும் சாப்பிடுவது வேறு விஷயம். நினைவாற்றலுக்கு அது உதவுகிறதா என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவும் தெளிவாக இல்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. "கீரைதானே" என்ற வாதம் சாரத்துக்குப் பொருந்தாது.

ஜின்கோ என்பது ஒரு மரத்தின் இலைச் சாரம். அதை உங்கள் அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். உலகிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட ஞாபக மூலிகை அதுதான். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜின்கோவும், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து சுமார் ஆறு ஆண்டுகள் பார்த்தார்கள். டிமென்ஷியா வருவது குறையவில்லை. 2008இல் வெளியான முடிவு இது. பிரான்சில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் அதையேதான் சொன்னது. அப்புறம் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம் என்ற எச்சரிக்கை வேறு இருக்கிறது. பலன் தெரியாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

செடியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேலண்டமைன் என்ற அல்சைமர் மருந்து, பனித்துளிப் பூ இனத்துச் செடியிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோயை நிறுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும். அளவு மில்லிகிராம் கணக்கில் நிச்சயமாகத் தெரியும் என்பதுதான் அதற்கும் கடைக் கேப்சூலுக்கும் உள்ள வித்தியாசம்.

பரிசோதனையில் எல்லாம் சரியாக வந்து, அம்மாவும் விரும்பினால், நீர்ப்பிரமி மட்டும் உள்ளதாகப் பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாம். வட இந்தியத் தயாரிப்புகளில் வல்லாரையையும் 'பிரமி' என்று போடுவார்கள், அதனால் லேபிளில் 'பகோபா' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்ப்பிரமியில் வேலை செய்யும் பொருளான பாகோசைடு எத்தனை சதவீதம் என்று எழுதாததை வாங்காதீர்கள். டோனெபெசில் போன்ற மறதி மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மறதியைத் தள்ளிப்போட உண்மையில் கைகொடுப்பவை சுவாரசியம் இல்லாதவை: ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, தினமும் நடப்பது, காது மந்தமாக இருந்தால் காது கேட்கும் கருவி மாட்டுவது. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. சரியாகக் காதில் விழாததை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, பணக் கணக்கில் தடுமாறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஒரே நாளில் திடீரெனக் குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்று வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.