புராஸ்டேட் புற்றுநோய்: ‘வீட்டில் இன்னும் சொல்லவில்லை, டாக்டர்’

கேள்வி: எனக்கு வயது 72. அருப்புக்கோட்டை பக்கம் 45 வருடம் தையற்கடை நடத்தினேன். சர்க்கரை உண்டு. ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடமாக இரவில் ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். அவசரத்தில் சில நாள் வேட்டியே நனைந்துவிடுகிறது. மதுரையில் காட்டியதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 18 என்றார்கள். பயாப்சி எடுத்ததில் புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 4+3=7 என்று வந்திருக்கிறது. எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லையாம். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கரண்ட் வைக்கலாம் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொள்வதைக் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. காலமெல்லாம் உட்கார்ந்தே மெஷின் மிதித்ததால் வந்ததா? மனைவிக்கும் மகனுக்கும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை அளவு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். அதுவரை வைத்தியத்தைத் தள்ளிப்போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது பி.எஸ்.ஏ. எண் இல்லை, அந்த அளவு நோட்டுதான். இப்படி ஒளித்து வைத்த ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சப்பையின் அடியில், சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டு உறைக்குள். வயதான ஆண்கள் நெஞ்சுவலி என்றால் உடனே வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு நோய் என்றால் மட்டும் வாயே திறப்பதில்லை. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயங்களைப் பேசிவிடுவோம்.

மெஷின் மிதித்ததால் இது வரவில்லை. வயது ஏற ஏறத்தான் இந்த நோய் வருகிறது. அப்பா, அண்ணன் தம்பிக்கு இருந்திருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் உழைப்பு உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அடுத்தது, கத்தியோ ஊசியோ பட்டால் பரவும் என்பது. அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள், ஆபரேஷன் ஆகியும் சீக்கிரம் இறந்தார்கள். பார்த்தவர்கள் பழியைக் கத்தி மேல் போட்டார்கள். அதை நம்பி நல்ல நேரத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். டீக்கடைப் பேச்சை டீக்கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது ரிப்போர்ட். கிளீசன் என்பது ஒருவகை மார்க். எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதிகமாகத் தெரியும் அமைப்புக்கு ஒரு மார்க், அதற்கு அடுத்ததற்கு ஒரு மார்க் போட்டுக் கூட்டுவார்கள். சாதாரணமாக 6-இல் தொடங்கி 10 வரை போகும். உங்களுக்கு முதலில் 4, பிறகு 3. பக்கத்து ஊரில் இன்னொருவருக்கும் 7 என்று கேள்விப்படுவீர்கள். அவருக்கு 3+4 ஆக இருந்தால் அது உங்களுடையதைவிடச் சாது. கூட்டுத்தொகை ஒன்றுதான், குணம் வேறு. பி.எஸ்.ஏ. 18-ஐயும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் நோய் நடுத்தர வகையில் கொஞ்சம் மேல்படியில் இருக்கிறது. குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் செய்யக்கூடிய கட்டம் இது.

‘இந்த வயதில் எதற்கு வைத்தியம், சும்மா இருக்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். அதிலும் ஒரு உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். 15 வருடம் கழித்து, 2023-இல் முடிவு வந்தது. எந்தப் பிரிவை எடுத்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். இவ்வளவு மெதுவாக நகரும் நோய் இது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உங்களைவிடக் குறைந்த பி.எஸ்.ஏ., சாதுவான கிளீசன் உள்ளவர்கள். சும்மா இருந்து பார்க்கும் வழியை 85 வயதில் இதயம் தளர்ந்துபோன ஒருவருக்கு நானே சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் ஆபரேஷனா, கரண்டா? நான் சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சை செய்கிறவன், புராஸ்டேட்டை எடுப்பது என் அன்றாட வேலை. அப்படியிருந்தும், உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்னால், என் மனம் கதிர்வீச்சுப் பக்கம்தான் சாய்கிறது. 72 வயது, ஸ்டென்ட், சர்க்கரை. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்துவது என்று பல சிக்கல் உண்டு. (அந்த மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், இதய டாக்டர் சொன்னால் மட்டும்.) அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசியும். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும், வயது கூடக்கூட அடங்குவதற்கு நாளாகும். ஏற்கெனவே வேட்டி நனைவதில் நொந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் கடைசி முடிவு உங்களை நேரில் பார்த்த இரண்டு டாக்டர்களும் பேசி எடுக்க வேண்டியது. அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: “உங்க அப்பாவுக்கு என் உடம்பும் என் ரிப்போர்ட்டும் இருந்தா என்ன செய்வீங்க?” இதைக் கேட்டுக் கோபப்படும் டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘கரண்ட் வைப்பது’ என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே பாதிப் பேருக்கு ஷாக் அடிக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. அதில் ஷாக்கும் இல்லை, சூடும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது எதுவும் தெரியாதல்லவா, அதே போலத்தான். மேஜையில் படுக்க வைப்பார்கள், இயந்திரம் உங்களைச் சுற்றி வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். முன்பு ஏழு எட்டு வாரம் போக வேண்டியிருந்தது. இப்போது பல இடங்களில் நாலு வாரத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை, 20 தடவையில் முடிக்கிறார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர் உங்கள் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்து குழந்தைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். அந்த வாரங்களில் சிறுநீர் எரியும், அடிக்கடி வரும், வயிறு இளகும். முடிந்து சில வாரத்தில் அடங்கும். கொஞ்சம் பேருக்குப் பின்னாளில் மலத்தில் ரத்தம் தெரியலாம். வந்தால் மறைக்காமல் காட்டுங்கள்.

ஆனால் தொடங்கும் முன் ஒன்று. உங்களுக்கு இப்போதே சிறுநீர்த் தொல்லை இருக்கிறது. சிறுநீர் எவ்வளவு வேகமாக வருகிறது, போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். அடைப்பு அதிகமாக இருக்கும்போது கதிர் கொடுத்தால் சிறுநீர் நின்றே போகலாம். அதை முதலில் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது.

கதிர்வீச்சோடு உங்கள் வகைக்கு ஆறு மாத அளவில் ஹார்மோன் ஊசியும் சேர்ப்பது வழக்கம். இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஊசி போடுவார்கள். முதல் ஊசியில் ஹார்மோன் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்பதால் சில வாரத்துக்கு மாத்திரையும் தருவார்கள். சுரப்பி சுருங்கினால் உங்கள் இரவுத் தொல்லையும் குறைய வாய்ப்புண்டு.

இந்த ஊசியைப் பற்றி ஆஸ்பத்திரி அவசரத்தில் யாரும் முழுக்கச் சொல்வதில்லை. திடீரென்று உடம்பு கொதித்து, நடுராத்திரி பனியன் நனைய வியர்க்கும். நம் வீட்டுப் பெண்கள் மாதவிலக்கு நிற்கும் வயதில் பட்ட பாடு அதுதான். உங்கள் மனைவிக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். உடம்பு அசதியாகும், தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். தாம்பத்திய ஆசை போய்விடும். காரணமில்லாமல் கண் கலங்கும். ஆறு மாத ஊசி முடிந்தபின் இதில் பெரும்பகுதி மெல்ல மெல்லத் திரும்பும், உங்கள் வயதில் அதற்குச் சில மாதம் கூடுதலாகப் பிடிக்கலாம். தினமும் அரை மணி நேரம் நடங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுங்கள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். அசதிக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. ஸ்டென்ட் இருப்பதால் ஊசி போடும் முன் இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, அளவு நோட்டுக்கு வருவோம்.

இன்று இரவு உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், ஐயா. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலர் நாள் கடத்துகிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ராத்திரி ராத்திரி எந்திரிக்கிறேன்ல, அதுக்கு டெஸ்ட் எடுத்தேன். புராஸ்டேட்ல புத்துநோய்னு சொல்லிருக்காங்க. எலும்புக்குப் பரவல. வைத்தியம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நீயும் வா.” இவ்வளவு போதும். அழுவார், அழட்டும். நீங்கள் ஒரு வருடமாக எழுந்து போவதும் வேட்டியை நீங்களே அலசிப் போடுவதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. என்னிடம் வந்த ஓர் அம்மா, கணவர் எதையோ மறைக்கிறார் என்று மூன்று மாதம் வேறு என்னென்னவோ நினைத்து மருகியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும், “இதுதானா?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், இது தொற்றும் நோய் இல்லை. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம்.

மகனிடம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு வந்திருப்பதால் அவருக்கு வாய்ப்பு கூடுதல். 45 வயது வாக்கில் டாக்டரிடம் கலந்து பேசி பி.எஸ்.ஏ. பரிசோதனை தொடங்குவது நல்லது. நீங்கள் மறைத்தால் அவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

செலவுக்குப் பயந்து சொல்லாமல் இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். விவரம் வேண்டுமென்றால் 104-க்குப் போன் செய்யலாம். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனசு பாரமாகித் தூக்கம் போனால், உயிர் வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால், எந்த நேரமும் 14416-இல் தமிழிலேயே பேசலாம். அது அரசின் இலவசச் சேவை.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் விழும் என்பதால், தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். ஏழெட்டுப் பெரியவர்கள் கையில் பாட்டிலோடு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “உங்களுக்கு எத்தனாவது நாள்?” என்றுதான் பேச்சு தொடங்கும். நாலாவது நாள் டயப்பர் எங்கே மலிவு என்பதிலிருந்து பெண்டாட்டியிடம் எப்படிச் சொன்னோம் என்பது வரை பேசிக்கொள்வார்கள். அந்த பெஞ்சில் நீங்களும் வாயைத் திறந்து பேசுங்கள். நான் இவ்வளவு நேரம் எழுதியதைவிட அது உங்களுக்குத் தைரியம் தரும்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம். இப்போதோ, பல வருடம் கழித்தோ, முதுகுவலியோடு கால் பலமிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர் சுத்தமாக நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

கல்யாணத்துக்கு வருகிறேன். தை வரை வைத்தியத்தையே தள்ளிப்போட வேண்டாம், அதற்குத் தேவையும் இல்லை. மீதிப் பரிசோதனைகளை இந்த வாரமே முடித்துக்கொண்டு ஊசியைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கதிர்வீச்சைத் தொடங்குவது பல இடங்களில் நடைமுறைதான். தேதியைச் சொன்னால் முகூர்த்தம் முடிந்த அடுத்த வாரத்தில் இடம் போட்டுக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல் காபி, டீயைக் குறையுங்கள். ஆண்களுக்கென்று பேட் மருந்துக்கடையில் கிடைக்கிறது, உள்ளாடைக்குள் வைத்தால் வேட்டிக்கு மேல் தெரியவே தெரியாது. மண்டபத்துக்குப் போனதும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டு, வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். பக்கத்தில் உங்கள் மனைவிக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.