டி அண்ட் சி-க்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை, ஆனால் மாதாமாதம் வலி, ஏன்?
எட்டு வாரத்தில் கரு கலைந்து டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உள்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் சிகிச்சை) செய்து மூன்று மாதமாகிறது என்கிறீர்கள். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பம் இல்லையென்றால், 1948-ல் ஜோசப் ஆஷர்மன் விவரித்த ஆஷர்மன் சிண்ட்ரோமாக இருக்கலாம். அரிதுதான், உங்கள் தவறே இல்லை. சுரண்டும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு அடிவரை காயப்பட்டு, ஆறும்போது சுவர்கள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாய்ப்பகுதி ஒட்டிவிட்டால் வெளியேற வழியில்லாமல் ரத்தம் உள்ளேயே தேங்கும், மாதாமாதம் வலிப்பது அதனால்தான். சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடலாம், அதனால் கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி பற்றி நீங்களே கேளுங்கள். அதிலேயே ஒட்டுகளைப் பிரிக்கவும் முடியும், அப்புறம் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மறுபடி கர்ப்பமானால் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், நஞ்சுக்கொடி ஆழமாகப் பதியும் அபாயம் கொஞ்சம் கூடுதல். காய்ச்சல் இருந்தால் இன்றே போங்கள்.