யாருக்கும் கெடுதல் இல்லாத குற்றங்களில் போலீஸ் ஏன் இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது?

எனக்கு ஊர் மீனாட்சிபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், வேலை பொள்ளாச்சியில். ஒரு நாளைக்கு இரண்டு தடவை சட்டம் மாறுகிற இடத்தைத் தாண்டிப் போய் வருகிறேன், அந்த உரிமையில் இந்தப் பதில்.

என் தாய்மாமா எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கடைக்கு வருகிற நாலைந்து பேருக்குச் சேர்த்து பத்து கேரள லாட்டரிச் சீட்டு வாங்கிப் போவார். கமிஷன் எல்லாம் கிடையாது, டீ வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான். கேரளத்தில் 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் விற்பனைக்குத் தடை. ஒரு மாதக் கடைசியில் மாமா சட்டைப்பையில் அந்தப் பத்துச் சீட்டோடு மாட்டினார். "விக்கிறதுக்கு வெச்சிருந்தார்" என்று கேஸ். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டய்யா ஒன்றும் முறைப்பானவர் இல்லை. "தம்பி, உங்க மாமா நல்ல மனுசன்தான். மாசம் முடியுது, எங்களுக்கும் கணக்கு காட்டணும்ல" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அவர் சொன்னதிலேயே இருக்கிறது. வீட்டில் திருட்டுப் போனால் பறிகொடுத்தவர் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார், போலீஸ் தேடித்தான் ஆக வேண்டும். லாட்டரி வாங்கியவனும் விற்றவனும் புகார் கொடுக்க வர மாட்டார்கள். அதனால் புகார்தாரரும் போலீஸ், பெரும்பாலும் சாட்சியும் போலீஸ். எந்தத் தெருவில், எந்தக் கிழமை, யாருடைய பையைத் துழாவுவது என்பதும் அவர்கள் இஷ்டம். சுலபமாகக் கிடைக்கிற ஆள்தான் மாட்டுவான்.

சீட்டாட்டத்தைப் பாருங்கள். 1967இல் ஆந்திர வழக்கு ஒன்றில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டவுனில் மெம்பர் கார்டு வைத்திருப்பவர்கள் ஏசி அறையில் அந்தத் தீர்ப்பின் நிழலில் உட்கார்ந்து ஆடுவார்கள். தென்னந்தோப்பில் துண்டை விரித்து 'உள்ளே வெளியே' போடுகிற கூலிக்காரர்களுக்கு அந்த நிழல் கிடையாது, அது அதிர்ஷ்ட ஆட்டம். சட்டப்படி வித்தியாசம் சரிதான். ஆனால் கிளப்பில் நிஜமாகவே ரம்மிதான் நடக்கிறதா என்று கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவர் யார்? எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஜீப் சத்தம் கேட்டால் வாய்க்காலைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் போய் நிற்பார்கள். துண்டும் சீட்டுக்கட்டும் மட்டும் கைதாகும்.

ஹெல்மெட் விஷயத்தில் எனக்கே ஓர் ஆச்சரியம் உண்டு. அபராதம் கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 2022 முதல் 1,000. பயம் அதிகம் இருக்க வேண்டியது தமிழ்நாட்டில். நடப்பதோ தலைகீழ். பொள்ளாச்சியிலிருந்து டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் செக்போஸ்ட் பக்கம் வந்ததும் தலையில் மாட்டுகிறார்கள். 2023 ஜூனில் கேரளம் 726 கேமராக்களை வைத்து நோட்டீஸ் அனுப்ப ஆரம்பித்தது. கேமராவிடம் "சார், பக்கத்துல கடைக்குத்தான்" என்று சொல்லிப் பார்க்க முடியாது.

கள்ளு தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கிடையாது, டாஸ்மாக்கில் பிராந்தி உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கள்ளுக்கடையில் பொள்ளாச்சி வண்டிகள்தான் அதிகம். இங்கேயே குடித்தால் குற்றமில்லை, பாட்டிலில் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் கேஸ். கேரளம் மட்டும் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். அரசு லாட்டரியின் கடைசி மூன்று நம்பரை வைத்துத் துண்டுச்சீட்டில் பந்தயம் எழுதுகிறவர்களை இங்கேயும் பிடிக்கிறார்கள். அரசாங்கம் தானே ஒரு கடை போட்டுவிட்டால், பக்கத்தில் இன்னொருவன் கடை போடுவதை அது பொறுத்துக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

சரி, மாமா கதை. அபராதம் கட்டி வெளியே வந்துவிட்டார். கேஸ் போட்டதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. பறிமுதல் செய்த பத்துச் சீட்டையும் ரைட்டர் கேஸ் கட்டோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே, "குலுக்கல் இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்டாராம். அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் குலுக்கல். "ஒரு நம்பரைக்கூடக் குறிச்சு வெக்கலையே மாப்ளே" என்று இன்றைக்கும் டீ ஆற்றிக்கொண்டே புலம்புவார்.